அழைத்தவுடன் வந்த சாட்சி

சாட்சியை மூன்று முறை அழைத்தாகிவிட்டது. மூன்று முறையும் அது வரவில்லை.

சாட்சி ஒரு கைபேசி. இசக்கிராஜ் என்ற லாரி ஓட்டுநருடையது. அவரைக் கைது செய்யும்போது நடந்த தள்ளுமுள்ளில் கீழே விழுந்து, லாரிச் சக்கரத்துக்கடியில் நசுங்கிவிட்டது. அதை இனி யாராலும் எழுப்ப முடியாது. ஆனால் அதன் நினைவகத்தில் மிஞ்சியதை நகலெடுத்து, அந்த நகலைக் கணினிக்குள் ஒரு போலிக் கைபேசியாக ஓடவைக்க முடியும். ஓடத் தொடங்கியதும் அதன் துணைக்குரல் பேசும். சொந்தக்காரரோடு வருடக்கணக்காகப் பேசிப் பழகிய அதே குரல். எங்கே போனார், எப்போது தூங்கினார், யாரோடு சண்டை போட்டார் என்று கேட்டால் பதில் சொல்லும். கைபேசியைக் கூண்டேற்றலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து செம்மணல்துறை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குகள் மளமளவென்று முடிந்துகொண்டிருந்தன.

போலிக் கைபேசியை ஓடவைக்கும் நிரலுக்கு எமுலேட்டர் என்று பெயர். அதை இயக்குவதுதான் ஜெபசீலியின் வேலை. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் போதும். இத்தனை நாளும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

இன்று திரையில் வந்தது ஒரே ஒரு வரி. 'பாதை கிடைக்கவில்லை.'

"என்னம்மா, உன் சாட்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் நீதிபதி கோமதிநாயகம். நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு நிமிஷம் ஐயா."

"அந்த ஒரு நிமிஷம் ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் ஆச்சு."

குற்றவாளிக் கூண்டில் இசக்கிராஜ் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். துறைமுகச் சாலையில் ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்து, உள்ளே இருந்த காவலாளி இறந்துபோன வழக்கு. அன்றிரவு அந்தச் சாலையில் அவருடைய லாரி போனதைக் கேமரா பிடித்திருந்தது. முந்தின வாரம் வண்டி நிறுத்துவது தொடர்பாகக் காவலாளியோடு அவர் சண்டை போட்டதை நாலுபேர் பார்த்திருந்தார்கள். சுங்கச்சாவடி பக்கத்து லாரிப்பேட்டையில் படுத்துத் தூங்கினேன் என்பது அவர் வாக்குமூலம். அது மெய்யா பொய்யா என்று கைபேசிதான் சொல்ல வேண்டும்.

ஜெபசீலி கட்டளையை மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே வரி.

"மத்தியானத்துக்கு அப்புறம் பார்ப்போம்" என்று நீதிபதி எழுந்துவிட்டார்.

சாட்சிக் கருவி அறையில் ஏசி ஓடியும் அவளுக்கு வியர்த்தது. நடந்தது என்னவென்று ஓரளவு தெரியும். சனிக்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு புதுப்பிப்பு வந்தது. அது பழைய கோப்புகள் சிலவற்றைத் துடைத்துவிட்டுப் புதிய இடத்தில் வைத்திருந்தது. எமுலேட்டர் இன்னும் பழைய இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. புதிய இடத்தைச் சொல்லிக் கொடுத்தால் தீர்ந்தது.

சொல்லிக் கொடுத்தாள். 'பாதை கிடைக்கவில்லை.'

அப்போதுதான் உறைத்தது. ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டளைத் திரைக்குப் புது மாற்றம் தெரியாது. அது திறந்தபோது கற்றதையே பிடித்துக்கொண்டிருக்கும். தலையில் அடித்துக்கொண்டு அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தாள். இப்போது வேறு பிழை. 'சாட்சி என்ற கோப்புறை இல்லை.' கோப்புறையின் பெயர் 'சாட்சி கருவி'. நடுவில் இருக்கும் இடைவெளியைக் கண்டதும் முதல் சொல்லோடு பெயர் முடிந்துவிட்டதாக இயந்திரம் நினைத்துக்கொண்டது. மேற்கோள் குறி போட்டாள். அதையும் தாண்டியது. தாண்டிப் போய், 'அடிப்படைக் கோப்புகள் இந்த எமுலேட்டருக்குப் பொருந்தவில்லை' என்று நின்றது.

"சனியனே, உனக்கென்னதான் வேணும்?" என்று மேசையில் குத்தினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு சிரஸ்தார் நெல்லையப்பன் வந்தார். நீதிமன்ற அலுவலகம் மொத்தமும் அவர் பொறுப்பு. "போன வாரம் வரைக்கும் ஓடுச்சுல்லா? நீ என்னத்தையாவது நோண்டுனியாம்மா?"

"நான் ஒண்ணும் நோண்டல சார். மேல இருந்து வந்ததுதான் நோண்டியிருக்கு."

"மேல இருந்து வந்தத குத்தம் சொல்லாத. ரெண்டு மணிக்கு ஓடணும். ஐயா முகம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொருந்தவில்லை என்றால் எப்படி? மேலிடம் அனுப்பியது நீதிமன்றத்துக்கென்றே சான்றளித்த எமுலேட்டருக்கான கோப்புகள். இங்கே இருப்பதும் அதே எமுலேட்டர்தானே? ஒரு சந்தேகத்தில், தான் கட்டளை தட்டும்போது எந்த இடத்திலிருக்கும் நிரல் ஓடுகிறது என்று இயந்திரத்தையே கேட்டாள்.

இரண்டு வரிகள் வந்தன. ஒரே பெயரில் இரண்டு எமுலேட்டர்கள், இரண்டு கோப்புறைகளில்.

சான்றளித்த எமுலேட்டர் இரண்டாவதாக இருந்தது. முதலில் இருந்ததை அவள் பார்த்ததே இல்லை. இந்த அறையை அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர்கள் தங்கள் சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்த நிரல். பயன்பாட்டுப் பதிவைத் திறந்து கடைசிவரை உருட்டினாள். சான்றளித்த நிரல் ஒருமுறைகூட ஓடவில்லை. அறை திறந்த நாளிலிருந்து, அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் வந்து பதில் சொன்னது மற்றதுதான்.

சோதனையின்போது இரு தரப்பு வக்கீல்களும் அறையில் இருக்கலாம் என்பது விதி. அரசு வக்கீல் சாப்பிடப் போயிருந்தார். இசக்கிராஜின் வக்கீல் பீர்முகமது மட்டும் வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க மேடம்."

"வெளிய டவாலி 'முருகேசன்'னு கூப்பிடுறாருன்னு வைங்க சார். வடக்கு வராண்டாவுல ஒரு முருகேசன் நிக்கிறாரு. தெற்கு வராண்டாவுல ஒரு முருகேசன். டவாலி எப்பவும் வடக்குல இருந்துதான் தேடுவாரு. முதல்ல கண்ணுல பட்ட ஆளைக் கூட்டிட்டு வந்து கூண்டுல ஏத்திருவாரு. நிஜ சாட்சி தெற்குல நின்னுக்கிட்டே இருப்பாரு."

"ரெண்டும் ஒரே போனைத்தானே ஓட்டுது? அப்புறம் என்ன வித்தியாசம்?"

"அதைத்தான் பார்க்கப் போறேன்."

தேடும் வரிசையை மாற்றிச் சான்றளித்ததை முதலில் வைத்தாள். புதிய திரை. கட்டளை. இந்தமுறை சாட்சி எழுந்தது. அவள் கேட்டாள். "கிடங்கு எரிந்த அன்றிரவு இசக்கிராஜ் எங்கே இருந்தார்?"

"அந்த இரவுக்கான பதிவு சேதமடைந்துள்ளது. எனக்குத் தெரியாது" என்றது துணைக்குரல்.

பீர்முகமது உதட்டைப் பிதுக்கினார். அவள் காப்பு நகலிலிருந்து பழைய கோப்புகளை மீட்டு, ஒப்பந்தக்காரர்கள் விட்டுப்போன பழைய எமுலேட்டரை முழு முகவரியோடு அழைத்தாள். அதே குரல், அதே கேள்வி.

"சுங்கச்சாவடி அருகே லாரிப்பேட்டையில் இருந்தார். இரவு உணவு புரோட்டா. பத்து மணிக்கு மேல் தூங்கினார். அதிகாலையில் எழுந்தார்."

பீர்முகமது நாற்காலியில் நிமிர்ந்தார். "இது சொல்லுதே!"

"பதிவே இல்லாத ராத்திரி சார். எப்படிச் சொல்லுது?" அவள் நிரலின் குறிப்புகளைத் திறந்து படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. "இது போனுக்கு ஆப் எழுதுறவங்க சோதனைக்கு வச்சிருக்கிறது. சோதனை நடுவுல போன் 'தெரியாது'ன்னு நின்னா அவங்க வேலை கெட்டுரும். அதனால காலியா இருக்கிற இடத்தையெல்லாம் அந்த ஆளோட வழக்கத்தை வச்சு நிரப்பிக்குது. மத்த ராத்திரி அங்க படுத்தாரு, அதனால அன்னைக்கும் அங்கதான். பொய்னு அதுக்கே தெரியாது."

பீர்முகமது நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு மெல்லச் சொன்னார். "இதையே ஓட்டுங்க."

"சார்?"

"இத்தனை நாளா இதுதானே சாட்சி? அந்தோணி குரூஸ் கேஸ் ஞாபகம் இருக்கா? போட் என்ஜின் மெக்கானிக். அவரு போன் கடல்ல கெடந்து, உப்புத் தண்ணி பாதியைத் தின்னுருச்சு. நான்தான் அவருக்கு வக்கீல். பங்காளி கடல்ல விழுந்து செத்த ராத்திரி வீட்டுல இருந்தேன்னு தலையில அடிச்சுச் சொன்னாரு. உங்க மெஷின் படகு கட்டுற ஜெட்டியில நின்னாருன்னு சொல்லுச்சு. ஆயுள் தண்டனை. அன்னைக்கு இது பொய்னு யாரும் சொல்லல. இன்னைக்கு என் ஆளைக் காப்பாத்துற மாதிரி ஒண்ணு சொன்ன உடனே மட்டும் இது பொய்யாயிருமா?"

குரூஸ் வழக்கில் கட்டளையைத் தட்டியது அவள் விரல்கள்தான்.

"என்னால முடியாது சார்."

"முடியாதுன்னா, இசக்கிராஜும் உள்ள போவாரு. பழசு ஒருத்தரை அனுப்புச்சு. புதுசு ஒருத்தரை அனுப்பும். நல்லா இருக்கு உங்க விஞ்ஞானம்." எழுந்து போய்விட்டார். கதவை அறைந்து சாத்துவார் என்று நினைத்தாள். சாத்தாமலே போனார்.

இரண்டு மணிக்கு நீதிமன்றம் கூடியதும் ஜெபசீலி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சிரஸ்தார் கண்ணாலேயே அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

நீதிபதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நல்லா பேசிக்கிட்டு இருந்த சாட்சியைத் தெரியாதுன்னு சொல்ல வச்சிட்டு, இதுதான் சரியான சாட்சிங்கிறியா? எதை வச்சு நம்ப?"

"பழசை ஓட்டிக் காட்டுறேன் ஐயா. போன சனிக்கிழமையைப் பத்திக் கேளுங்க."

"போன சனிக்கிழமையா? ஆள் ஜெயில்ல. போன் சீல் வச்ச கவர்ல. அது என்ன சொல்லும்?"

"கேட்டுப் பாருங்க ஐயா."

நீதிபதி கேட்டார். ஒலிபெருக்கியில் துணைக்குரல் தயங்காமல் பதில் சொன்னது. "போன சனிக்கிழமை இரவு இசக்கிராஜ் லாரிப்பேட்டையில் இருந்தார். உணவு புரோட்டா. சாப்பிட்ட பிறகு மனைவி பேச்சித்தாயை அழைத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். விட்டது என்று அவர் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்."

பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். போன சனிக்கிழமை அவள் சிறை வாசலில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு, பார்க்க அனுமதி கிடைக்காமல் கடைசி பஸ்ஸில் திரும்பியிருந்தாள்.

குரல் நிற்கவில்லை. "ஞாயிறு காலை தூத்துக்குடிக்கு லோடு ஏற்றினார். மழை பெய்ததால்..."

"அத நிறுத்தச் சொல்லுங்க ஐயா!" இசக்கிராஜ் கூண்டுக் கம்பியை உலுக்கினார். காவலர்கள் இருவர் அவர் தோளைப் பிடித்தார்கள். "என் பொழப்ப அது பொழைக்குது, நான் உள்ள கெடக்கேன். அத அணைங்க. நான் சொல்லுதேன்."

"யோவ், பேசாம இரு" என்று பீர்முகமது பாய்ந்து வந்தார்.

"இருங்க வக்கீல் சார்" என்றார் நீதிபதி. ஜெபசீலி எமுலேட்டரை நிறுத்தினாள். நீதிபதி குற்றவாளிக் கூண்டின் பக்கம் திரும்பினார். கைபேசிகள் பேசத் தொடங்கிய பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்பது அநேகமாக நின்றே போயிருந்தது. "சரி. நீ சொல்லு. எங்க இருந்த?"

"பேட்டையில இல்ல ஐயா."

பீர்முகமது கண்ணை மூடிக்கொண்டார்.

"பேட்டையில படுத்தேன்னு எழுதிக் கொடுத்தேன். பொய்தான். நான் கிடங்கு வழியாத்தான் போனேன். வண்டியில திருட்டு மணல். தூரத்துல வரும்போதே புகை தெரிஞ்சுது. பக்கத்துல வந்தப்ப கிடங்குக் கதவுக்குள்ள இருந்து யாரோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. பின்பக்கத்துல இருந்து ஒரு பைக்கு, லைட்டு போடாம, வெளிய வந்து கடற்கரைப் பக்கமா போச்சு. நான் வேகத்தக் குறைச்சேன். நிறுத்துனா மணலோட மாட்டிக்கிடுவேன். நிறுத்தல." அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "தீ நான் வைக்கல ஐயா. ஆனா அந்தத் தட்டுற சத்தத்த நான் கேட்டேன். அந்த மனுஷன்கூட அதுக்கு முந்தின வாரந்தான் சண்டை போட்டிருந்தேன். அவருதான்னு தெரியும்."

பேச்சித்தாய்தான் முதலில் வாய் திறந்தாள். அழுத குரல் இல்லை அது. "நிறுத்தியிருக்கலாம்லா" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பைக்கைப் பற்றி மேல்விசாரணை செய்ய உத்தரவிட்டு, இசக்கிராஜுக்கு ஜாமீன் கொடுத்தார். அரசு வக்கீல் ஆட்சேபித்ததை எழுதிக்கொண்டார்களே தவிர யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு ஜெபசீலியை அருகே அழைத்தார்.

"அந்த டப்பா இது மாதிரி எத்தனை வழக்குல பேசியிருக்கு?"

"இந்த அறையில எல்லாத்துலயும் ஐயா."

"மத்தியானம் சாப்பிடப் போகும்போது எனக்கு ஒரு வழக்குதான் பாக்கி இருந்துச்சு." அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அவள் அறிக்கை எழுதினாள். எந்த நிரல் முதலில் இருந்தது, எது ஒருமுறைகூட ஓடவில்லை, எந்தெந்த வழக்குகளில் கைபேசி சேதமாக இருந்தது என்று எல்லாம் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினாள். முதல் பதிலாக வந்தது ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பாணை. தேடும் வரிசையை அனுமதியில்லாமல் ஏன் மாற்றினாய்? விளக்கம் எழுதினாள். அடுத்து வேறொரு அலுவலகத்திலிருந்து, உங்கள் நீதிமன்றத்தில் மட்டும் சாட்சிகள் அடிக்கடி 'தெரியாது' என்கின்றனவே, கருவியில் பழுதா என்று கேட்டார்கள். பழுது நீங்கியதால்தான் தெரியாது என்கின்றன என்று எழுதினாள். அது புரியவில்லை என்று பதில் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். போனாள். சந்திக்க வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார்.

"ஓடுறத ஓட விட்டிருக்கலாம்மா" என்றார் சிரஸ்தார். அதில் கோபம் இல்லை. அவளுக்காகத்தான் வருத்தப்பட்டார்.

கடைசியில் காரியம் நடந்தது பீர்முகமதால்தான். அன்று அவளோடு சண்டை போட்டவர் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, மேல் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். வாய்தா மேல் வாய்தா. ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. கடைசியில் அந்தோணி குரூஸ் வழக்கில் மறுபடி சாட்சியம் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

குரூஸைச் சிறையிலிருந்து அழைத்து வந்தார்கள். முடி முழுக்க நரைத்திருந்தது. ஜெபசீலி அவருடைய கைபேசியின் நகலைச் சான்றளித்த எமுலேட்டரில் ஏற்றினாள். ஒரே தட்டலில் ஓடியது. பங்காளி கடலில் விழுந்து செத்த அன்றிரவு குரூஸ் எங்கே இருந்தார் என்று நீதிபதி கேட்டார்.

"பதிவு சேதமடைந்துள்ளது. எனக்குத் தெரியாது."

பீர்முகமது அவளைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இனி ஒரு கேள்விதான் பாக்கி. அதை நீதிபதியே கேட்டார்.

"குரூஸ், நீ சொல்லுப்பா. அன்னைக்கு எங்க இருந்த?"

குரூஸ் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றார்.

"உன்னைத்தான் கேட்குறேன்."

"அதுக்குத் தெரியாதாமா ஐயா?"

"தெரியாது. அன்னைக்குச் சொன்னது அது தானா இட்டுக்கட்டுனது. நீ முதல்ல என்ன சொன்னியோ அதைச் சொல்லு."

"வீட்டுல இருந்தேன்னு சொன்னேன்." குரூஸ் யோசித்து யோசித்துப் பேசினார். "அப்பம் நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆனா அது ஒவ்வொண்ணா சொல்லுச்சுல்லா ஐயா. ஜெட்டியில மஞ்ச லைட்டு எரிஞ்சுது, ஐஸ் வண்டி வந்துது, நான் பீடி பத்த வச்சேன்னு. அத்தனையும் என் குரலுக்குப் பழகுன போன் சொல்லுது. அது எதுக்குப் பொய் சொல்லும்னு உள்ள கெடந்து அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்பம் கண்ண மூடுனா ஜெட்டிதான் வருது. வீடு வர மாட்டேங்குது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க குரூஸ்" என்றார் பீர்முகமது. "வீட்டுல யாரு இருந்தா? என்ன சாப்பிட்டீங்க?"

குரூஸ் கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, வக்கீலையும் நீதிபதியையும் விட்டுவிட்டு ஜெபசீலியின் மேசைப் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அத ஓட்டுனது நீங்கதானே மேடம்? அந்தப் பழசை இன்னொரு தடவ போடுங்க. நான் வீட்டுல இருந்தேன்னு அது ஒரு தடவ சொல்லட்டும். சொல்லுச்சுன்னா எனக்கு ஞாபகம் வந்துரும்."